முட்டைக்கோஸும் எம்மெட்டின் இரண்டு கைகளும்

சமையலறைத் தொட்டிக்குக் கீழே இடுப்பு வரை நுழைந்து கிடக்கிறார் எம்மெட் காஃப்னி. வெளியே தெரிவது பூட்ஸ் போட்ட இரண்டு கால்கள் மட்டும். வீட்டுக்காரப் பெண் நியூ ஆர்லியன்ஸுக்குக் குடிவந்து ஆறு மாதம்தான் ஆகிறது. இடுப்பில் ஒரு குழந்தை, காலைக் கட்டிக்கொண்டு இன்னொன்று. மார்ச் பிறந்துவிட்டதல்லவா, எல்லோரும் கேட்பதைத்தான் அவரும் கேட்கிறார். ஐரிஷ் ஊர்வலத்துக்குப் பிள்ளைகளோடு வரலாமா, வெறும் குடிகாரர்கள் கூத்து என்கிறார்களே என்று.

குழாய் திருகும் சத்தம் நிற்கிறது.

"உன் மூத்தவன் குடிகாரனப் பாத்தா சிரிப்பானா, அழுவானா?"

சிரிப்பான் என்றுதான் நினைக்கிறேன் என்கிறார் அந்தப் பெண், கொஞ்சம் குழம்பிப்போய்.

"அப்ப கூட்டிட்டு வா கண்ணு. அழுவுற புள்ளைன்னா அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

பிளம்பர் எம்மெட்டுக்கு எல்லோரும் கண்ணுதான். பாதிரியாரும் கண்ணு, வரிப்பணம் கேட்டு வருகிறவரும் கண்ணு. வயது ஐம்பத்தைந்து. ஒட்ட வெட்டிய செம்பட்டை முடி, மடக்கினால் இருபதடி தூரத்துக்குச் சத்தம் கேட்கும் முழங்கால். ஐரிஷ் சானல் பேட்டையில் அவர் கை படாத கழிவறை இல்லை. அதனாலோ என்னவோ, ஓர் ஊர்வலம் குடும்பத்துக்கு ஏற்றதா என்பதை அவர் ஒரே கேள்வியில் அளந்துவிடுவார்: பிள்ளைக்கு அவசரமாக வந்தால் எங்கே போகும்?

அந்தக் கேள்விக்கு அவரிடமே பதிலும் இருக்கிறது. ஊர்வலம் போகும் தெருவிலேயே வீடு. அன்றைக்கு மட்டும் முன்கதவு திறந்தே கிடக்கும். கதவில் ஒரு அட்டை தொங்கும்: "கழிவறை, பத்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும்." வாசலில் அவர் மனைவி ஒடெட் நாற்காலி போட்டு நீதிபதி மாதிரி உட்கார்ந்துவிடுவாள். போன வருஷம் பச்சைத் தொப்பி வைத்த ஆறடி ஆள் ஒருவன் மண்டி போட்டுக்கொண்டு வந்து, தனக்கு ஒன்பது வயதுதான் என்று சாதித்தான். ஒடெட் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பிவிட்டாள்.

எம்மெட்டுக்குத் தனியாக ஒரு பூகோளம் உண்டு. மூலை மதுக்கடைக்கு அந்தப் பக்கம் போனால் ஊர்வலம் இளவட்டங்களுடையது. பன்னிரண்டு மணிக்கே ஆள்கள் ஆட ஆரம்பித்துவிடுவார்கள், நிற்கத் தெரியாமல். மாதா கோவிலுக்கு இந்தப் பக்கம் வந்தால் அதே ஊர்வலம் குடும்ப ஊர்வலம். மடக்கு நாற்காலி, ஐஸ்பெட்டி, வறுத்த கோழி, தள்ளுவண்டியில் தூங்கும் கைக்குழந்தை என்று தெருவே வீடாகிவிடும். கோட்டுப் போட்ட கனவான்கள் கம்பில் காகிதப் பூக்களைச் செருகிக்கொண்டு நடந்துவந்து, பூவுக்கு ஒரு முத்தம் என்று கன்னத்தை நீட்டுவார்கள். எண்பது வயது விதவைகள்தான் அதிகப் பூ வைத்திருப்பார்கள்.

ஆனால் கோஸ் இரண்டு பக்கமும் வரும். அதுதான் சிக்கல். இந்த ஊரின் மற்ற ஊர்வலங்களில் அலங்கார வண்டிகளிலிருந்து பாசிமணி மாலைதான் வீசுவார்கள். இதில் மாலையோடு முட்டைக்கோஸ் வரும். உருளைக்கிழங்கு, காரட், வெங்காயமும் வரும். சாயங்காலத்துக்குள் ஒரு குடும்பத்துக்கு ஒரு வாரம் ஆக்கிக் கொட்டப் போதுமான காய் சேர்ந்துவிடும். அப்புறம் ஈஸ்டர் வரை பேட்டை முழுக்கக் கோஸ் வேகிற வாடைதான். கோஸைக் கையில் கொடுக்க வேண்டும், தூரமென்றால் தாழ்வாக, மெதுவாகத் தூக்கிப் போட வேண்டும் என்பது முறை. வண்டியில் நிற்பவர்கள் மூன்றாவது பீர் வரை அந்த முறையை மறப்பதில்லை.

அதற்காகத்தான் எம்மெட்டின் கையுறை. பேஸ்பால் ஆட்டத்தில் மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்து பிடிப்பவன் போடும் தடித்த தோல் உறை. தெருவோரம் பிள்ளைகளுக்கான ஏணிகள் வரிசையாக நிற்கும்: மடக்கேணியின் உச்சியில் மரப்பெட்டி, பெட்டிக்குள் பிள்ளை, முன்னால் ஒரு குறுக்குக் கம்பி, பின்படியில் அணைத்தபடி ஒரு பெரியவர். எம்மெட் தம் ஏணியின் பின்படியில் ஏறி, இடது கையில் உறையோடு நின்றால், அக்கம்பக்கத்து நாலு ஏணிகளுக்கும் சேர்த்து அவரே விக்கெட் கீப்பர். அந்த உறையைப் போட்ட நாளிலிருந்து ஒரு கோஸும் அவரைத் தாண்டிப் போனதில்லை என்பார்கள். அன்றைக்கு அவர் குடிப்பது இஞ்சி சோடா மட்டும். ஐரிஷ் திருநாளில் காஃப்னி வீட்டு ஆண்பிள்ளை சோடா குடிக்கிறானே என்று மதுக்கடைக்காரர் வருஷம் தவறாமல் கேலி செய்வார். எம்மெட் சிரித்துக்கொள்வாரே தவிரக் காரணம் சொல்லமாட்டார்.

காரணத்தின் பெயர் டெல்ஃபின். அவர் அக்கா தெரசாவின் மகள்.

இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு ஆறு வயது. இதே தெருவில், ஏணிப் பெட்டியில் உட்கார்ந்திருந்தாள். ஐந்து நிமிஷம் பார்த்துக்கொள் என்று தம்பியிடம் சொல்லிவிட்டுத் தெரசா வீட்டுக்குள் போயிருந்தாள். எதிரே வந்த வண்டியில் எம்மெட்டின் பள்ளிக்கூடத் தோழன் நின்றுகொண்டிருந்தான். இவர் ஏணியை விட்டு இறங்கினார். ஒரு கையில் பீர், மறு கையை உயர்த்தி, இங்கே போடு, பலமாகப் போடு என்று கத்தினார். கேட்டதை அவன் கொடுத்தான். ஒற்றைக் கையில் வழுக்கிய கோஸ் நேராகப் போய்க் குழந்தையின் மூக்கில் விழுந்தது. பீர் மட்டும் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. இதைத்தான் அவரால் இன்று வரை மன்னிக்க முடியவில்லை, தம்மை.

உடைந்த மூக்கு ஒட்டிவிட்டது, லேசான வளைவோடு. அடுத்த கோடையிலேயே தெரசா கணவன் வேலைக்காக ஒஹையோவுக்குப் போய்விட்டாள். கிறிஸ்துமஸ் வாழ்த்து வரும், நின்றுபோன பேச்சும் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. ஊர்வலத்துக்கு மட்டும் அந்த வீட்டிலிருந்து யாரும் வந்ததில்லை.

இந்த ஜனவரியில் டெல்ஃபினுக்கு இங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸ் வேலை கிடைத்தது. ஐந்து வயது மகள் மேவோடு குடிவந்தாள். மார்ச் முதல் வாரம் தொலைபேசியில் கூப்பிட்டு, ஊரே கேட்கும் கேள்வியை அவளும் கேட்டாள்.

"மாமா, பள்ளிக்கூடத்துல எல்லாப் புள்ளைங்களும் போறாங்களாம். மேவ் ஒரே அடம். கூட்டிட்டு வரலாமா?"

யாருக்கும் ஒரே மூச்சில் வரலாம் கண்ணு என்பவர், யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டார். மூன்று நாள் யோசித்தார். அந்த மூன்று நாளில் ஒரு வீட்டில் வெந்நீர்க் குழாயையும் தண்ணீர்க் குழாயையும் மாற்றி மாட்டிவிட்டு வந்தார். நான்காம் நாள் ஒடெட் பொறுமை இழந்தாள்.

"ஊருல இருக்கிறவ எல்லாம் கேட்டா வாய் கிழியப் பேசற. உன் அக்கா பொண்ணு கேட்டா மட்டும் வாயில கோஸ வச்சு அடைச்ச மாதிரி இருக்க."

"வான்னு சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?"

"அப்ப வராதன்னு சொல்லு. அவ மூணு நாளா போனையே பாத்துட்டு இருப்பா."

அவர் கூப்பிட்டார். ஆபத்தே இல்லை என்று என்னால் சொல்ல முடியாது, கோஸ் வரத்தான் செய்யும், ஆனால் நான் ஏணியை விட்டு இறங்கமாட்டேன் என்றார். இவ்வளவு நீளமாக அவர் யாருக்கும் பதில் சொன்னதில்லை. "பாக்கலாம் மாமா," என்றாள் டெல்ஃபின். இந்த ஊரில் பாக்கலாம் என்றால் பாதி இல்லை என்றுதான் அர்த்தம். ஒஹையோவில் எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை விடிந்தது. எட்டு மணிக்கே ஏணியைக் கொண்டுபோய் நிறுத்தினார். பெட்டிக்குப் புதிதாகப் பச்சை வண்ணம் அடித்து, உட்காரும் பலகையில் மெத்தை வைத்துத் தைத்திருந்தார். தைத்த லட்சணத்தைப் பார்த்து ஒடெட் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பன்னிரண்டு மணிக்குத் தெரு நிரம்பியது. ஒரு மணிக்குத் தூரத்தில் முரசு கேட்டது. பெட்டி காலியாகவே இருந்தது.

பக்கத்தில் நின்ற ஒரு தகப்பன், மிஸ்டர் எம்மெட், ஏணி சும்மாதானே இருக்கிறது, என் பையனை உட்கார வைக்கட்டுமா என்று கேட்டான். யாருக்கும் இல்லையென்று சொல்லிப் பழகாத மனிதர், ஆள் வருகிறது என்றார். சொன்ன பிறகு முகம் சிவந்துபோயிற்று. முதல் வண்டி போயிற்று. இரண்டாவது வண்டியும் போயிற்று. மூன்றாவதில் ஒருவன் காலிப் பெட்டியைக் குறிவைத்து ஒரு கோஸ் போட, எம்மெட் அதையும் விடாமல் பிடித்தார்.

"ஆளே இல்லாத பெட்டிக்கு எதுக்கு இந்தக் காவல்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

டெல்ஃபின்தான். கையைப் பிடித்துக்கொண்டு மேவ். குழந்தையின் தலையில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் போடும் ஊதா நிற ஹெல்மெட், தாடைக்குக் கீழே வார் இறுக்கக் கட்டியிருந்தது. தெருவில் அத்தனை பச்சைத் தொப்பிக்கு நடுவே அந்த ஊதா நிறம் தனியாகத் தெரிந்தது. பக்கத்து ஏணிப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எம்மெட்டுக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஆபத்தே இல்லன்னு நீங்க சொல்லவே இல்ல. அதான் இந்த ஹெல்மெட்," என்றாள் டெல்ஃபின்.

"சரிதான் கண்ணு. அதுவே நல்லது," என்று குழந்தையைத் தூக்கிப் பெட்டியில் வைத்தார். பின்படியில் ஏறி நின்றார். முழங்கால் சத்தம் கேட்டு மேவ் திரும்பிப் பார்த்தாள்.

அடுத்த ஒரு மணி நேரம் அவர் செய்ததைப் பிள்ளைகள் இன்னும் பேசிக்கொள்கிறார்கள். இடதுபக்கம் சாய்ந்து ஒன்று, தலைக்கு மேலே எம்பி ஒன்று. ஹெல்மெட்டுக்கு ஒரு சாண் முன்னால் வந்துவிட்ட ஒன்றை அவர் பட்டென்று பிடித்தபோது தெருவே ஒரு நொடி மூச்சு விடவில்லை. ஒவ்வொன்றையும் பிடித்துக் குழந்தையின் மடியில் மெதுவாக வைத்தார், உடையும் பொருள் மாதிரி. மேவுக்கு மடி நிறைந்தது. இடையில் ஒரு தடவை ஒடெட்டின் நீதிமன்றத்துக்குப் போய்வந்தாள். திரும்பி வந்ததும் இன்னும் வேண்டும் என்றாள்.

வெயில் ஏறியது. குழந்தைக்கு நெற்றியெல்லாம் வியர்த்து வழிந்தது. வாரைப் பிடித்து இழுத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். டெல்ஃபின் ஒரு நிமிஷம் தெருவைப் பார்த்தாள், பிறகு ஏணிப்படியில் நிற்கும் மாமாவைப் பார்த்தாள். தன் மூக்கை விரலால் ஒரு தடவை தடவிக்கொண்டாள். ஏணியருகே வந்து, வாரை அவிழ்த்து, ஹெல்மெட்டைக் கழற்றித் தன் தோள்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

எம்மெட்டுக்குக் கண் கரித்தது. வெங்காயம் என்று சொல்ல அப்போது பார்த்து ஒரு வெங்காயமும் வரவில்லை.

வண்டிகளுக்கு நடுவே ஓர் இடைவெளி விழுந்தது. டெல்ஃபின் ஒடெட்டின் ஐஸ்பெட்டியில் கைவிட்டு ஒரு பீர் எடுத்தாள். தானே திறந்து, ஏணிக்குக் கீழே நின்று மேலே நீட்டினாள்.

"இந்த நாள்ல நீங்க ஏன் சோடா மட்டும் குடிக்கிறீங்கன்னு ஒடெட் அத்தை எல்லாம் சொன்னாங்க மாமா. என் மூக்கு நல்லாத்தான் இருக்கு. வாசம் கூட தெரியுது, ஊரே கோஸ் நாத்தம். குடிங்க."

அவர் வாங்கிக்கொண்டார். வாங்கி, ஒரே ஒரு மிடறு குடித்தார். ஊர்வல நாளில் இருபத்தெட்டு வருஷமாகத் தொடாத ருசி அது. நாக்கிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். மூலை மதுக்கடை வாசலிலிருந்து யாரோ கைதட்டினார்கள். டெல்ஃபின் சிரித்தாள். வளைந்த மூக்கோடு அந்தச் சிரிப்பு அப்படியே தெரசாவின் சிரிப்பு.

தெருமுனையில் அடுத்த வண்டி திரும்பியது. அதிலிருந்தவர்கள் கோஸைக் கையில் எடுத்துவிட்டார்கள். எம்மெட் குனிந்து, இன்னும் குறையாத பீரை டெல்ஃபினின் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, மேவுக்கு இரு பக்கமும் இரண்டு கைகளையும் உயர்த்தினார், ஒன்றில் உறை, மற்றது வெறுங்கை.