டர்போவும் நோன்புக் கஞ்சியும்

கடந்த வருடம் நோன்பு மாதம். பெரும்போக அறுவடை முடிகிற நேரம். கல்முனையிலிருந்து நானும் என் கணவரும் சவளக்கடையில் இருக்கும் என் கூடப்பிறந்த மூத்தவள், ராத்தா வீட்டுக்கு நோன்பு துறக்கப் புறப்பட்டோம்.

காரைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். வேகத்துக்கென்றே செய்த பழைய ஜப்பான் கார். அவர் அதைத் துடைக்கிற துடைப்பில் பாதியை வீட்டு ஜன்னலுக்குக் காட்டினால் எனக்கு எவ்வளவோ உதவி. அந்தக் கிழமைதான் அதிலிருந்த டர்போவைக் கழற்றிவிட்டுப் பெரிய ஒன்றைப் பூட்டியிருந்தார். இன்ஜின் புகையின் வேகத்தில் சுழன்று, உள்ளே கூடுதல் காற்றைத் தள்ளுகிற சாமான் அது. நெருப்பாய்ச் சுடும். அந்தச் சூட்டை மறைக்கிற தகடு புதியதற்குப் பொருந்தவில்லை. பெருநாளுக்குப் பிறகு செய்யலாம் என்று அப்படியே விட்டுவிட்டார்.

என் மடியில் ஒரு வாளி நோன்புக் கஞ்சி. எங்கள் பள்ளிவாசல் கஞ்சி என்றால் ராத்தாவுக்கு உயிர். கிட்டங்கிப் பாலம் தாண்டியதும் அவர் ஆக்சிலேட்டரில் காலை அழுத்தினார். முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு விசில் சத்தம், கார் பாய்ந்தது. நான் வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஸலவாத்து ஓதினேன். அவர் முகத்தில் மட்டும் அன்றைக்கே பெருநாள்.

கொஞ்ச தூரம் போனதும், எண்ணெய் கசிகிறதா என்று பார்க்க ஓரமாக நிறுத்தினார். ஓடிக் களைத்த டர்போவை உடனே அணைக்கக் கூடாதாம். இன்ஜினை ஓடவிட்டே இறங்கினார். கீழே வைக்கோல் பரந்து கிடந்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. பக்கத்தில் படங்கு விரித்து யாரோ நெல் காயப்போட்டிருந்தார்கள்.

புகை வந்தது. எண்ணெய்ப் புகை என்றுதான் அவர் குனிந்து பார்த்தார். வைக்கோல் எரிந்துகொண்டிருந்தது.

"காரை எடு மனே, காரை எடு" என்று கத்திக்கொண்டு, நெல்லுக்குக் காவலிருந்த ஒரு அக்கா ஓடிவந்தார். பொட்டு வைத்த, நடுத்தர வயது அக்கா. என் கணவர் காரை நகர்த்திவிட்டார், ஆனால் நெருப்பு படங்கை நோக்கிப் போனது. அந்த அக்கா சாக்கொன்றை வாய்க்காலில் தோய்த்தெடுத்து அடித்தார். நான் நோன்பு துறக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றினேன், போதவில்லை. பிறகு வாளியைத் திறந்து கஞ்சி முழுவதையும் கொட்டினேன். படங்குக்கு ஒரு முழம் முன்னால் நெருப்பு அடங்கியது.

அது அந்த அக்கா வீட்டாருடைய ஒரு போகத்து நெல். அக்காவின் முகமெல்லாம், கையெல்லாம் கரி. இனி வரப்போகும் ஏச்சுக்குத் தலையைக் குனிந்துகொண்டு நின்றோம். அப்போதுதான் தூரத்துப் பள்ளிவாசலில் நோன்பு துறக்கும் பாங்கு கேட்டது. எங்களிடம் குடிக்க ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

அந்த அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நோன்பெல்லோ? முதல்ல துறங்க. ஏச்செல்லாம் பிறகு தாறன்" என்று சொல்லி, தன் பையிலிருந்த தண்ணீர்ப் போத்தலையும் இரண்டு வாழைப்பழத்தையும் நீட்டினார்.

நாங்கள் குடித்துச் சாப்பிட்டு முடியும்வரை காத்திருந்தார். முடிந்ததும் சொன்ன சொல் தவறாமல் ஏசினார். நியாயமான ஏச்சு. என் கணவர் "ஓம் அக்கா, ஓம் அக்கா" என்று தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். மறுநாள் அந்த அக்காவுக்கு ஒரு வாளி கஞ்சி கொண்டுபோனோம், மோட்டார் சைக்கிளில். தகடு பூட்டும்வரை கார் வீட்டைவிட்டு இறங்கவில்லை.

எனக்குக் கோபம் அதிகம். இப்போதும் யாரையும் ஏசாமல் விட்டதில்லை. ஆனால் வாயைத் திறக்கும்போது கரி படிந்த அந்தக் கையும் தண்ணீர்ப் போத்தலும் கண்முன் வந்துவிடுகின்றன. சாப்பிட்டீர்களா என்று முதலில் கேட்டுவிடுகிறேன்.