ரதத்துக்கு வழிவிட்ட கம்பிகள்

ஒரு கட்டடத்தில் சும்மா இருக்கிற கம்பி என்று எதுவும் கிடையாது. இதை என் அப்பாவிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்பது அந்த மாரியாத்தாவுக்குத்தான் வெளிச்சம். கேட்டால்தானே! கோயில் தலைவர் பதவியில் உட்கார்ந்த நாளிலிருந்து, மகள் சொல்லும் எதுவும் அவர் காதில் ஏறுவதில்லை. ஊரெல்லாம் போய் "எம்மவ இஞ்சினியரு" என்று பீற்றிக்கொள்வார். அந்த இஞ்சினியர் வாயைத் திறந்தால் மட்டும் "நீ கொஞ்சம் சும்மா இரும்மா" என்பார்.

எனக்கு வேலை மலாக்கா பக்கம் பத்து பெரண்டாமில். இரும்புக் கட்டுமானம் செய்கிற ஒரு சின்ன ஒப்பிஸ். தொழிற்சாலைக் கூரை, சாமான் கிடங்கு, பெட்ரோல் நிலையத்துக் கொட்டகை என்று வரும். எந்தத் தூண் எவ்வளவு தடிமனாக இருக்கவேண்டும், எந்த உத்தரம் எவ்வளவு சுமை தாங்கும் என்று கணக்குப் போடுவது என் பிழைப்பு. பிறந்து வளர்ந்தது புலாவ் செபாங் பக்கத்தில் ஒரு தோட்டத்தில். அந்தத் தோட்டம் இப்போது இல்லை. செம்பனையை அழித்து வீடு கட்டி விற்கிறார்கள். எங்கள் ஜனம் அலோர் காஜாவில் பாதி, எங்களைப் போல புலாவ் செபாங் தாமான் குடியிருப்பு வீடுகளில் பாதி என்று சிதறிவிட்டது. மிஞ்சியது கோயிலும், அதன் முன்னால் இருந்த மண்டபமும்தான்.

அந்த மண்டபத்தைப் பற்றி ஒரு விஷயம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நிலத்தை வாங்கின முதலாளி, கோயிலும் மண்டபமும் இருக்கிறபடி இருக்கட்டும் என்று ஒத்துக்கொண்டார். பழுது பார்க்கலாம், பெயிண்ட் அடிக்கலாம். புதிதாக ஒன்றும் கட்டக்கூடாது. அதாவது நிற்கிறவரை எங்களுடையது, விழுந்தால் போச்சு. நகராட்சி மஜ்லிஸும் அதையே சொன்னது. நிலம் நம் பெயரில் இல்லாமல் எந்தப் புதுக் கட்டடத்துக்கு அனுமதி தருவார்கள்? கல்யாணம், காதுகுத்து, பதினாறாம் நாள் காரியம், எல்லாவற்றுக்கும் நாங்கள் ஒன்றாகக் கூடுவதற்கு அந்த ஒரு கூரைதான் இருந்தது. வேலையை விட்டு நின்ற அப்பாவுக்குக் காலையில் எழுந்து போக ஓர் இடமும் அது ஒன்றுதான்.

தோட்டம் கைமாறுவதற்கு முன்னால் அந்த மண்டபத்தை வரைந்து கொடுத்தவள் நான். பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. இரண்டு வரிசைத் தூண், மேலே முக்கோணச் சட்டங்கள், அதன்மேல் தகரம். ஒரு கோடியில் மேடை, மறு கோடியில் சமையல்கட்டு. அந்த இரண்டு கோடியிலும் உச்சிவரை தகரச் சுவர். நீளப் பக்கங்கள் காற்றோட்டத்துக்காகத் திறந்தே இருந்தன. கூரை தன் எடையைத் தூண்மேல் இறக்கும், தூண் தரையில் இறக்கும். ஆள் ஏறி ஓட்டை அடைத்தாலும், வரிசையாக மின்சாரக் காத்தாடி மாட்டினாலும் அதையும் தாங்கும். இதெல்லாம் மேலிருந்து கீழே வரும் சுமை, யாருக்கும் புரிகிற சுமை.

காற்று மேலிருந்து வராது. பக்கத்திலிருந்து வந்து அந்தத் தகரச் சுவரை நெட்டித் தள்ளும். தூணின் அடியில் இருக்கிற நாலு போல்ட்டு நேர்ச் சுமைக்குப் போதும், சாய்க்கிற தள்ளுக்குப் போதாது. அதற்காகத்தான் நீளப் பக்கம் ஒவ்வொன்றிலும் நடு இடைவெளியில், இரண்டு தூண்களுக்கு நடுவே பெருக்கல் குறி போல இரண்டு கம்பிகள் வைத்திருந்தேன். காற்று இந்தப் பக்கம் தள்ளினால் ஒரு கம்பி விறைக்கும். அந்தப் பக்கம் தள்ளினால் மற்றது விறைக்கும். காற்றே இல்லாத நாளில் இரண்டும் பேசாமல் நிற்கும். வருஷத்தில் ஏதோ சில மணி நேரம்தான் அதற்கு உண்மையான வேலை.

வினை ரதத்தின் உருவில் வந்தது. கோயிலுக்குப் பக்கத்தில் தனிக் கொட்டகையில் நின்ற ரதம் அது. புது வீடுகளுக்குப் பாதை போடுகிறோம் என்று அந்தக் கொட்டகை நின்ற நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். ரதத்தை மண்டபத்துக்குள் வைப்பது என்று கமிட்டி முடிவு செய்தது. சரி, வைக்கட்டும். ஆனால் எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. அம்மன் ஏறின ரதம் பின்வாங்கக் கூடாது. ஒரு முழம்கூடப் பின்னால் தள்ளமாட்டார்கள். சன்னதிக்கு நேராக ஒரு பக்கம் ஏறினால், நேராகவே மறுபக்கம் இறங்கிச் சாலைக்குப் போகவேண்டும். சன்னதிக்கு நேராக இருந்தது மண்டபத்தின் நடு இடைவெளி. இரண்டு பக்கமும் என் கம்பிகள் நின்ற அதே இடைவெளி.

திருவிழாவுக்குக் கொடியேறிய வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது கம்பிகள் இல்லை. வெட்டின அடையாளம் மட்டும் தூணில் வெள்ளையாகப் பளபளத்தது.

"யாருப்பா இத வெட்டுனது?"

அப்பா மாவிலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ரதம் போவணும்லம்மா. கொத்தோங் ரோயோங் வச்சு எல்லாரும் சேந்து வேல செஞ்சோம், பசங்க கிரைண்டர் போட்டு எடுத்துட்டானுங்க. அர மணி நேரம்கூட ஆவல."

"அப்பா, அந்தக் கம்பி இல்லாட்டி மண்டபம் நிக்காது!"

"இந்தா நிக்குதே!" என்றார் கோயில் செயலாளர் மாமா. மாமா என்றால் சொந்த மாமா இல்லை. தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசையிலேயே கடைசி வீடு, அப்பாவுக்கு வலக்கை. "கோவிச்சுக்காதம்மா. வெட்டுறதுக்கு முன்னால கையால ஆட்டிப் பாத்தோம். லூசா இருந்துச்சு. லூசா இருக்கறது என்னத்தத் தாங்கும், சொல்லு?"

"காத்து வந்தாதான் மாமா அது இறுகும். சும்மா இருக்கறப்ப லூசாதான் தெரியும்."

"இவ்ளோ வருசமா காத்து அடிக்கலயா? ஒன்னும் ஆவாது லா."

இவ்வளவு வருஷமாகக் காற்று அடித்தும் நின்றதே அந்தக் கம்பியால்தான் என்று சொன்னேன். கத்தினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மேளக்காரர்கள்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அப்பாவுக்கு முகம் சிறுத்துப் போனது. "ஆளுங்க முன்னாடி இப்படிப் பேசாதம்மா" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மஜ்லிஸுக்குப் போய்ச் சொல்லியிருக்கலாமே என்று என் ஒப்பிஸில் கேட்டார்கள். சொன்னால் என்ன நடக்கும்? மறுநாளே நாடா கட்டி மூடுவார்கள். ஆபத்தான கட்டடம் என்று ஒரு தடவை முத்திரை விழுந்தால் நில முதலாளிக்குக் கொண்டாட்டம், இடித்துத்தள்ள அதைவிட நல்ல காரணம் எங்கே கிடைக்கும்? எந்தப் பக்கம் போனாலும் மண்டபம் போய்விடும் போலிருந்தது. நான் மூன்றாவது வழி ஒன்றைத் தேடினேன். கம்பிக்குப் பதிலாக அந்த இடைவெளியில் வாசற்கால் போல ஒரு கனத்த இரும்புச் சட்டம் பொருத்தினால் போதும், ரதமும் போகும், காற்றுக்கும் ஈடு கொடுக்கும். வரைந்து எங்கள் ஒப்பிஸ் பட்டறையிலேயே வெட்டி, துளை போட்டு, சிவப்புப் பூச்சு அடித்து இரண்டு சட்டங்களையும் தயாராக வைத்துவிட்டேன்.

அப்பா படத்தைப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னார். "ஆனா காப்பு கட்டியாச்சும்மா. மறுபூச முடியறவரைக்கும் கோயில்ல வெட்டுறது, தட்டுறது, நெருப்பு வைக்கிறது ஒன்னும் கூடாது. முடிஞ்ச மறுநாளே கொண்டா, நானே கூட நின்னு மாட்டித் தரேன்."

"கம்பிய வெட்டறப்ப மட்டும் காப்பு கட்டலயா?"

"அது கொடியேறறதுக்கு முந்தின நாளும்மா."

அப்பா பொய் சொல்லவில்லை. அவருக்கு அது நியாயம். அந்த நியாயத்தை உடைக்க என்னிடம் எந்தக் கணக்கும் இல்லை.

திருவிழா நாட்களில் எல்லாரும் அம்மனைப் பார்த்தார்கள், நான் வானத்தைப் பார்த்தேன். மண்டபம் நிறைய ஜனம். சிங்கப்பூரில் வேலை செய்கிற பிள்ளைகள்கூட வந்திருந்தார்கள். வாழையிலை போட்டு, வரிசை வரிசையாகச் சாப்பிட்டார்கள். மேற்கே ஒரு கருப்பு தெரிந்தால் போதும், எனக்குச் சோறு இறங்காது. ரதம் இரண்டு தூண்களுக்கு நடுவே தடையில்லாமல் புகுந்து மறுபக்கம் இறங்கியபோது ஜனம் "ஓம் சக்தி" என்று முழங்கியது. அப்பா வியர்வையோடு என்னிடம் வந்து, "பாத்தியா? நிக்குது பாத்தியா?" என்று சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து நாளாகிவிட்டது.

திருவிழாவை முடித்துவைக்கிற மறுபூசைக்கு முன்பே காற்று வந்துவிட்டது. மலாக்கா கடல் பக்கமிருந்து விடியும் நேரத்தில் திடீரென்று கிளம்பி, அரை மணியில் மரங்களைச் சாய்த்துவிட்டுப் போகிற காற்று இங்கே எல்லாருக்கும் தெரியும். பத்து பெரண்டாமில் என் வாடகை அறையில் ஜன்னல் படபடத்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் அம்மா போனில் கூப்பிட்டார். "அப்பா அங்கதான் போயிருக்காரும்மா. நீ வா."

அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. யாருக்குமே ஒன்றும் ஆகவில்லை, ஆத்தா புண்ணியம். மண்டபம்தான் படுத்துவிட்டது. சமையல்கட்டுச் சுவரைக் காற்று தள்ளி, மேடைப் பக்கமாக அத்தனை தூணையும் ஒரே திசையில் படுக்க வைத்திருந்தது. இரும்புக்கு ஒரு குணம் உண்டு. ஒரு அளவுவரை இழுத்தாலும் வளைத்தாலும், விட்டவுடன் பழைய நிலைக்கே திரும்பிவிடும். அந்த அளவைத் தாண்டினால் முறியாது, வளைந்து அப்படியே நின்றுவிடும். ஒரு தூண்கூட முறிந்திருக்கவில்லை. எல்லாம் அடியில் மடங்கிக் கிடந்தன. ஊர்வலம் முடிந்து உள்ளே நின்ற ரதத்தின்மேல் கூரை இறங்கி, ரதத்தின் கலசம் தகரத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தது. அப்பா ஈர மண்ணில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். திட்டவேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தவள், அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மஜ்லிஸிலிருந்து வந்த அதிகாரி நல்ல மனிதர். சுற்றிப் பார்த்தார், படம் எடுத்தார், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மாஃப், பக்சிக்" என்று மன்னிப்புக் கேட்டார். சாய்ந்திருந்தால் பழுது பார்ப்பது என்று எழுதலாம், இது விழுந்துவிட்டது, இனி கட்டினால் புதுக் கட்டடம்தான் என்று மலாயில் மரியாதையாகச் சொன்னார். மறுப்பதற்கு என்ன இருக்கிறது? அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன்.

அப்புறம் அப்பா கோயில் பக்கமே போகவில்லை. மறுபூசையைச் செயலாளர் மாமா நாலைந்து பேரோடு நடத்தி முடித்தார். போன மாதம் ஒருவருக்குப் பதினாறாம் நாள் காரியத்தை அலோர் காஜாவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் வைத்தார்கள். பாதிப் பேர் வரவில்லை. அப்பாவையும் கூப்பிட்டார்கள், கால் வலி என்று சொல்லிவிட்டார். சோறு போட்டால் சாப்பிடுவார், டிவி போட்டால் பார்ப்பார். தலைவரே என்று யாராவது போனில் கூப்பிட்டால், போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவார். எங்கள் பட்டறையில் அந்த இரண்டு சட்டங்களும் சிவப்புப் பூச்சோடு இன்னும் சுவரில் சாய்ந்து நிற்கின்றன. எடுத்து வேறு வேலைக்குப் போடச் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை.

பழைய இரும்பு வாங்குகிற லோரி வரும் நாளில் நான் லீவு எடுத்துக்கொண்டு போனேன். தூண்களை எரிவாயு வைத்துத் துண்டுபோட்டு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மத்தியானத்துக்குள் இடம் காலியாகிவிட்டது. சிமெண்ட் தரையில் போல்ட்டுகள் மட்டும் நாலு நாலாக நீட்டிக்கொண்டு நின்றன.

அப்போதுதான் அப்பாவின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. பின்னால் நீள நீளமாக என்னவோ கட்டி, தரையில் உரசிக்கொண்டே வந்தது. கிட்டே வந்ததும் தெரிந்தது, அவை என் கம்பிகள். வெட்டின அன்று, நல்ல கம்பி வீணாய்ப் போகக்கூடாது என்று வீட்டுக்கு எடுத்துப்போய், அம்மாவின் பாகற்கொடிக்குப் பந்தல் போட்டிருந்தார். பந்தலைப் பிரித்து எடுத்து வந்திருக்கிறார். கம்பியில் காய்ந்த கொடி இன்னும் சுற்றியிருந்தது. அவற்றை ஒவ்வொன்றாக அவிழ்த்து, துணியால் துடைத்து, நடு இடைவெளி இருந்த இடத்தில் பெருக்கல் குறி போலத் தரையில் வைத்தார்.

"வளையவே இல்லம்மா. அப்படியே இருக்கு பாரு" என்றார். பிறகு அந்தக் காலி இடத்தை ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்த்தார். "எங்க வச்சு வெல்டிங் பண்ணணும்னு சொல்லு. நான் ஆளக் கூப்பிடுறேன்."