தார்தோ இன்னும் நன்றி சொல்லவில்லை

வாசலைத் தாண்டியதும் நிபியா லரோசா பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கைப்பையிலிருந்து கம்பளிச் செருப்பை எடுத்து மாட்டிக்கொள்கிறார். சத்தமே வராத செருப்பு. மோந்தெவிதேயோ நகரத்து முதியோர் இல்லங்களைச் சோதனை போடுவதற்காகப் பத்தொன்பது வருடமாக அலைகிறார். அவர் வரப்போகும் நாள் யாருக்கும் தெரியாது. வந்த பிறகும் கொஞ்ச நேரத்துக்குத் தெரியாது. கட்டிலில் கிடப்பவர் கண்ணைத் திறந்தால் தலைமாட்டில் ஒரு நெட்டை உருவம் நிற்கும். "என் நேரம் வந்துருச்சா?" என்று கேட்டவர்கள் உண்டு. "இன்னும் வரல. குதிகாலக் காட்டுங்க" என்பார் நிபியா.

குதிகால்தான் அவருக்கு முதல் சாட்சி. ஆளைத் திருப்பிப் படுக்கவைக்காத வீட்டில் அது சீக்கிரம் சிவந்துவிடும். அப்புறம் தலையணையை முகர்ந்து பார்ப்பார். அழைப்பு மணியை அமுக்கிவிட்டு, யாராவது வரும்வரை சுவரைப் பார்த்தபடி வாய்விட்டு எண்ணுவார். ஒரு வீட்டில் நானூற்றுச் சொச்சம் போயிருக்கிறது. "நல்லா பாத்துக்கறாங்களா?" என்று மட்டும் யாரையும் கேட்க மாட்டார். "கவனிக்கிறவ பக்கத்துலயே நிக்கிறா. வேற என்ன பதில் வரும்?" என்பது அவர் கட்சி. நேற்று ராத்திரி என்ன சாப்பாடு என்று கேட்பார். அடுத்த அறையிலும் அதையே கேட்பார். இரண்டு பதிலும் ஒத்துப்போகாவிட்டால் நேரே சமையலறைக்கு நடப்பார்.

காலிக் கட்டில் கண்ணில் பட்டால் ஏறி மல்லாந்து படுத்துக்கொள்வது இன்னொரு வழக்கம். கையை மார்பில் கோத்துக்கொண்டு பத்து நிமிடம் அசையாமல் கிடப்பார். மாதக்கணக்கில் படுத்திருப்பவருக்கு அங்கிருந்து என்ன தெரிகிறது என்று பார்க்கவேண்டுமாம். ஒருமுறை தரை துடைக்க வந்த பெண் பார்த்துவிட்டு வாளியைக் கீழே போட்டு அலறினாள். முந்தின நாள்தான் அந்தக் கட்டிலிலிருந்து ஒருவரைத் தூக்கிப்போயிருந்தார்கள். "கத்தாத. மேல பாரு, கூரை ஒழுகுது" என்றது பிணம்.

நிபியா வந்துபோன வாரத்தில் அந்த வீட்டில் ஒரு உயிர் போகும் என்று பணிப்பெண்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. அவர் காதுக்கும் அது எட்டியிருக்கிறது. "எல்லாருக்கும் எண்பது தாண்டிருச்சு. நான் வராத வாரத்துல மட்டும் போகாம இருக்காங்களா?" என்று சிரிப்பார். சிரித்துவிட்டு விரலை மடக்கி ஏதோ கணக்கும் பார்ப்பார்.

பெருமையடித்துக்கொள்ள அவரிடம் இருப்பது ஒரே ஒரு தாள். இரண்டு குளிர்காலத்துக்கு முன், பாசோ மொலினோ பகுதியில் சுல்மா நடத்தும் இல்லத்தில், தார்தோ என்ற பழைய ரயில்வே ஆள் சுரைக்குடுக்கை இலையில் வெந்நீர் ஊற்றிக் குழலால் உறிஞ்சுகிற மாதேயைக் குடிக்கப்போய் ஃபிளாஸ்க் தண்ணீரைத் தொடையில் கொட்டிக்கொண்டார். தோல் உரிந்திருந்ததை நிபியா நேரில் பார்த்தார். அன்றைக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டார்: குடியிருப்போர் கையில் வெந்நீர் கூடாது. இப்போது எல்லா இல்லங்களிலும் அந்தத் தாள் சுவரில் ஒட்டியிருக்கிறது. "அதால எத்தன தொடை தப்பிச்சிருக்கு தெரியுமா?" என்பார். அதில் பொய்யும் இல்லை.

போன ஜூலையில் அதே வீட்டுக்குப் போனார். குதிகால்கள் வெளுப்பாக இருந்தன. தலையணைகளில் சோப்பு வாசனை. மணியை அமுக்கினால் பதினொன்று எண்ணுவதற்குள் ஆள் வந்தது. "சொட்டு வெந்நீர் கிடையாது, தோன்யா நிபியா! நீங்க எழுதினது எழுதினபடி" என்று சுல்மா பூரித்துப்போனாள். குறை சொல்ல ஒன்றுமே இல்லாதது நிபியாவுக்கு என்னவோபோல் இருந்தது. சாயங்காலம் நாலு மணி. பின்கூடத்திலிருந்து மெல்லிய சத்தம் ஒன்று விட்டுவிட்டு வந்தது. கதவைத் தள்ளினார்.

ஏழு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். எட்டாவது நாற்காலி காலி. வால்கிரியா என்ற எண்பத்தெட்டு வயதுக்காரி ஃபிளாஸ்கைச் சுரைக்குடுக்கையில் சரித்தாள். ஒன்றும் விழவில்லை. குடுக்கையில் இலையும் இல்லை. பக்கத்துக் கிழவர் அதை வாங்கி, வெள்ளிக் குழலில் வாய்வைத்து, உஸ்ஸென்று காற்றை இழுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மறுபடியும் சரித்தாள்; அடுத்தவர் இழுத்தார். மாதே சுற்றுகிற இடத்தில் அரட்டை இல்லாமல் நிபியா ஆயுசில் பார்த்ததில்லை.

முறை காலி நாற்காலிக்கு வந்தது. வால்கிரியா குடுக்கையை அதை நோக்கி நீட்டிப் பிடித்தாள், ஒருவர் குடித்து முடிக்கிற நேரம் வரைக்கும். அப்போதும் அந்த உஸ் சத்தம் கேட்டது. நிபியா ஏழு வாய்களையும் பார்த்தார். ஏழும் மூடியிருந்தன. உடம்பு சில்லிட்டுப்போனதாக அவரே பின்னால் ஒப்புக்கொண்டார். படிவத்தில் மட்டும் எழுதவில்லை.

"அங்க யாரு?"

"தார்தோ."

"அவர் அக்டோபர்லயே போயிட்டாரே."

"போனாரு. நன்றி சொல்லிட்டுப் போகலயே" என்றாள் வால்கிரியா.

குடுக்கையைத் திருப்பிக் கொடுக்கும்போது நன்றி என்றால், எனக்குப் போதும், அடுத்த சுற்றில் என்னை விட்டுவிடு என்று அர்த்தம். சொல்லாதவருக்கு முறை வந்துகொண்டேதான் இருக்கும். அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம்.

"புண்ணு ஆறிருச்சு, பொண்ணே. ஒரே ஒரு வாய் சூடா குடிச்சுட்டு நன்றி சொல்லிடறேன்னு தினம் கேட்டாரு. உன் தாளு விடல. வெறுங் குடுக்கைக்கு யாரு நன்றி சொல்லுவா?" அவள் குடுக்கையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "இதையும் எடுத்துட்டுப் போகப்போறியா? எடுத்துட்டா அவரு எங்க போவாரு?"

தாள் எழுதிய அன்று இந்த வட்டத்தை நிபியா நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. வெளியே போனார், போன சத்தம் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது அவர் கக்கத்தில் மதியம் தனக்கென்று வெந்நீர் நிரப்பிய ஃபிளாஸ்க்கும் கையில் இலைப்பொட்டலமும் இருந்தன.

"தோன்யா, உங்க கையெழுத்து அந்தா செவுத்துல இருக்கு! தெரிஞ்சா வேலை போயிரும்!" என்று பதறினாள் சுல்மா.

"தெரியும். கதவச் சாத்து."

சுற்று நடக்கும்போது ஊற்றுகிற ஆளை மாற்றக் கூடாது. நிபியா ஃபிளாஸ்கை வால்கிரியாவிடமே கொடுத்தார். இலையைப் போட்டுக் கிழவி சரித்தாள். கை நடுங்கியது, ஆவி கோணலாக எழுந்தது. ஏழு பேரும் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிபியா தரையில் முழங்காலிட்டு, வால்கிரியாவின் தொடைக்கு மேலே, குடுக்கைக்கு அடியில், உள்ளங்கையை விரித்து நீட்டினார். முதல் சொட்டு அதில்தான் விழுந்தது. கையை அவர் இழுத்துக்கொள்ளவில்லை.