பார்க்கலாம் என்றார் டீச்சர்

எங்கள் கண்ணாடிக் கடையில் அவளுக்கு லென்ஸக்கா என்று பெயர். அப்போது வயது இருபத்துமூன்றுதான். அவளைவிட ரொம்ப மூத்தவளான நானே அப்படித்தான் கூப்பிடுவேன். நான் முன்னால் நின்று வருகிறவர்களுக்கு ஃபிரேம் எடுத்துக் காட்டுகிறவள். அவள் பின்னறையில் லென்ஸை ஃபிரேம் அளவுக்குத் தேய்த்துப் பொருத்துகிறவள். இயந்திரம் ஓடினால் தண்ணீர் தெறிக்கும் என்பதால் எப்போதும் ஒரு ரப்பர் ஏப்ரன் கட்டியிருப்பாள். மதியச் சாப்பாடு எங்கள் இருவருக்கும் அந்த அறையில்தான். அவள் கதை எனக்குத் தெரியவந்ததும் அங்கேதான், துண்டு துண்டாக, வாயில் சோற்றோடு.

பதினாறு வயதில் அவள் குடும்பம் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. மூன்றாவது மாடியில் ஒரு கணக்கு டீச்சர் வீடு. டீச்சரின் மகன் பதினெட்டு வயதுக்குள் கதவு நிலை இடிக்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டதால் கட்டடம் முழுக்க அவனுக்கு நெட்டை என்றே பெயர். மொட்டை மாடியில் துணி காயப்போடப் போன இடத்தில் இருவருக்கும் பேச்சு வளர்ந்தது. ஒருநாள் மாடிப்படியில் உட்கார்ந்து, ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் வைத்துப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது, பள்ளியிலிருந்து வந்த டீச்சர் நேரே எதிரில் நின்றார்.

அன்று மாலை லென்ஸக்கா வீட்டு முன்னறையில் இரண்டு குடும்பமும் உட்கார்ந்தது. அவள் அப்பா பஸ் டிரைவர். வேலையிலிருந்து அப்படியே வந்தவர், படித்தவர் முன்னால் என்ன பேசுவதென்று தெரியாமல் காக்கிச் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். டீச்சர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம்.

"படிப்பு முடியட்டும். அதுவரைக்கும் பேச்சே வேண்டாம். அப்புறமும் இதே மனசு இருந்தா, பார்க்கலாம்" என்றார்.

மகனிடம் வாக்கும் வாங்கிக்கொண்டார். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நாளில் டீச்சர் குடும்பம் வீட்டைக் காலி செய்தது. சாமான் ஏற்றிய அன்று, கழற்றிய மின்விசிறியைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கிய நெட்டை, அவள் வாசலில் ஒரு நொடி நின்று, "வெயிட் பண்ணு, வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அந்த ஒரு பேச்சை நம்பித்தான் அவள் ஏழு வருடம் ஓட்டினாள். போன் நம்பரை மாற்றவில்லை, அவன் கூப்பிட்டால் கிடைக்க வேண்டுமே என்று. வீட்டில் வேறு இடம் பார்க்கலாமா என்று பேச்செடுத்தபோதெல்லாம் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். முதலாளி வேறு ஊரில் இன்னொரு கடை திறந்து, அங்கே பட்டறையை நீயே பார்த்துக்கொள் என்று கூப்பிட்டபோதும் மறுத்துவிட்டாள். நெட்டை தேடி வந்தால் இந்த ஊருக்குத்தானே வருவான்.

அவள் அம்மா ஒருமுறை கடைக்கே வந்து என்னிடம் புலம்பினார். "வேண்டாம்னு சொன்னாங்கன்னா அழுதுட்டு எழுந்துடலாம். சரின்னு சொன்னாங்கன்னா ஆக வேண்டியதப் பார்க்கலாம். இப்படி ரெண்டும் கெட்டான்ல பொண்ணை உட்கார வச்சா நான் என்னதான் பண்றது?"

நெட்டையின் படிப்பு முடிந்தது. மேல்படிப்பு வந்தது. அதுவும் முடிந்து வேலை கிடைத்தது. வேலையில் பயிற்சிக் காலம் என்றார்கள். இந்தச் செய்தியெல்லாம் அவனுடைய அக்கா மூலமாகத்தான் வரும். அவள் பிள்ளை கண்ணாடி மேல் உட்கார்ந்து உடைப்பதில் கெட்டிக்காரன். ஒவ்வொரு முறையும் எங்கள் கடைக்கே வருவாள். "அவன் உன்னை மறக்கலம்மா. அம்மாவுக்கு வாக்குக் குடுத்துட்டான், அதான் பேசல" என்பாள். முதலில் அதைக் கேட்ட நாட்களில் லென்ஸக்கா பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்வாள். பிற்பாடு, அந்த அக்கா வந்துபோனால் அன்றைக்கு ஒரு லென்ஸாவது ஓரம் உடையும்.

இந்த நிலையில் முதலாளி மறுபடி அந்த ஊர்ப் பேச்சை எடுத்தார். வார முடிவுக்குள் சொல், இல்லையென்றால் வேறு ஆளைப் போடுகிறேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார். அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள். என்ன செய்யட்டும் என்று என்னைக் கேட்டாள். அவனையே கேட்டுவிடேன் என்றேன். பேசக் கூடாது என்று வாக்கு இருக்கிறதே என்றாள்.

"வாக்குக் குடுத்தது அவன். நீ குடுத்தியா?"

இத்தனை வருடம் அது தோன்றவில்லையே என்று அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல். அந்த அக்காவிடம் நம்பர் வாங்கி, அன்றைக்கே கூப்பிட்டாள்.

அவன் அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு காபிக் கடையில் சந்திப்பு. தனியாகப் போகக் கால் வரவில்லை என்று என்னையும் இழுத்துப் போனாள். நான் பின்னால் இருந்த மேஜையில் உட்கார்ந்தேன். நெட்டை வந்தான். அவளைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது உண்மை. உட்கார்வதற்கு முன் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்ததும் உண்மை. வேறு யாரையும் நினைத்ததில்லை என்றான். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்றான்.

"நீ கேட்டதுக்கு அவங்க என்ன சொன்னாங்க?"

"இன்னும் கேக்கல. நேரம் பார்த்துட்டு இருக்கேன்."

"இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூடவா கேக்கல?"

"நீ எப்படியும் வெயிட் பண்ணுவேன்னு தெரியும். அதான் அவசரப்படல" என்றான் நெட்டை. அவன் குரலில் கள்ளம் இல்லை. அவளைப் பாராட்டுவதாகத்தான் நினைத்துச் சொன்னான்.

காபியைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டாள். திரும்பும் பஸ்ஸில் அழுவாள் என்று கைக்குட்டையைத் தயாராக வைத்திருந்தேன். அழவில்லை. மூடாத ஜன்னல் கண்ணாடியோடு மல்லுக்கட்டிக்கொண்டே வந்தாள். "அவன் கெட்டவனா இருந்தா வாய் நிறையத் திட்டிட்டுப் போயிடுவேன்க்கா. நல்லவன். இந்த நல்லவனை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்றாள்.

மறுநாள், அந்த ஊருக்குப் போகிறேன் என்று முதலாளியிடம் சொன்னாள். நெட்டைக்கு, இனி நான் காத்திருக்கவில்லை என்று போனில் இரண்டு வரி அனுப்பினாள். பெண் மனம் மாறிவிட்டாள் என்று சந்தோஷப்பட்டு அம்மா மாப்பிள்ளை பேச்செடுக்க, அதற்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

அவள் போன பிறகு, சில மாதம் கழித்து நெட்டை அந்த ஊர்க் கடைக்கே தேடிப் போயிருக்கிறான். நடந்ததை அவளே எனக்குப் போனில் சொன்னாள். ஒருவழியாக அம்மாவிடம் கேட்டானாம். டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து பார்த்து, "இத்தனை நாள் ஏன்டா கேக்கல? நீயே மறந்துட்டேன்னுல்ல நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த தாளை எடுத்துக்கொண்டாராம். அவ்வளவுதான் சம்மதம். அதை அவன் நல்ல சேதியாகச் சிரித்துச் சிரித்துச் சொன்னானாம். கையில் இருந்த லென்ஸை அவன் மேல் எறியாமல் இருக்கத் தான் பட்ட பாடு தனக்குத்தான் தெரியும் என்றாள்.

"நீ என்ன சொன்னே?" என்றேன்.

"முடியாதுன்னுட்டேன்க்கா. கட்டிக்கிட்டா, 'கடைக்குப் போயிட்டு வந்துடறேன், கொஞ்சம் இரு'ன்னு அவன் சொன்னாக்கூட எனக்கு உடம்பெல்லாம் எரியும். அப்படி ஒரு குடும்பம் நடத்த முடியுமா?"

அவன் சாயங்காலம் வரை கடை வாசலில் நின்றுவிட்டுப் போயிருக்கிறான். திமிர் பிடித்தவள் என்று அவன் அக்கா ஊரெல்லாம் சொன்னாள். லென்ஸக்காவின் அம்மா ரொம்ப நாள் மகளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்பா மட்டும் பழையபடி போன் செய்து, சாப்பிட்டியா என்று கேட்டு வைத்துவிடுவார்.

அடுத்த வருடமே நெட்டைக்கு வேறொரு பெண்ணோடு கல்யாணம் ஆயிற்று. யார் மூலமாகவோ தெரிந்து அவள் மனம் நோவதைவிட நானே சொல்லிவிடலாம் என்று கூப்பிட்டுச் சொன்னேன். போனில் கேட்டுக்கொண்டிருந்த இயந்திரச் சத்தத்தை நிறுத்தினாள்.

"நல்லா இருக்கட்டும்" என்றாள். பிறகு, அடக்க முடியாமல், "இதை மட்டும் எவ்வளவு சீக்கிரம் முடிச்சுட்டான் பார்த்தீங்களாக்கா" என்றாள்.