மே மாதத்துப் பெரணிகள்

ஜோசப்ராஜ் அண்ணாச்சி எந்தச் செடியின் பக்கம் போனாலும் முதலில் ஓர் இலையைத் திருப்பி அதன் அடிப்பக்கத்தைப் பார்ப்பார். பூவைப் பார்க்க மாட்டார். கல்யாண வீட்டு வாசலில் கட்டியிருக்கிற குலைவாழையைக்கூட அப்படித்தான் திருப்புவார். பன்னிரண்டு வருடம் என் சமையலறை ஜன்னலில் இருந்து அவரைப் பார்த்திருக்கிறேன்.

செம்பூரில், திலக் நகர் ஸ்டேஷனுக்கு இந்தப் பக்கம் எங்கள் கட்டடம். அண்ணாச்சிக்குத் தரைத்தளம், எனக்கு அதற்கு மேல் வீடு. அவருக்கு ஊர் மார்த்தாண்டம் பக்கம். பிளம்பர் வேலை. மழைக்காலத்தில் ஒழுகுகிறது என்று மாட்டுங்காவின் பழைய கட்டடங்களில் அவரைக் கூப்பிடுவார்கள். குழாய் இணைப்பிலும் சுவர் வெடிப்பிலும் முளைத்திருக்கிற செடிகளைப் பிடுங்கிவிட்டு சிமென்ட் பூச வேண்டும். அரசங்கன்று என்றால் எறிந்துவிடுவார். பூவே பூக்காத பெரணிச் செடியாக இருந்தால் ஈரத்துணியில் சுற்றி, ஸ்பேனர் பைக்குள் வைத்துக் கொண்டுவருவார்.

மூன்றாம் மாடி மீனாட்சியக்கா அவரை விடமாட்டார். “கச்சராவ ஊரெல்லாம் வெளிய கொட்டுதாவ. நீங்க என்னன்னா வீட்டுக்குத் தூக்கிட்டு வாறீய.”

“குழாய ஒடைக்கும்னு பிடுங்கியாச்சு. அது பின்ன எங்க போவும், ட்ரெயின் ஏறி ஊருக்கா?”

கட்டடத்துக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவில் உடைந்த டைல்ஸ் குவிந்து கிடந்த இடத்தை எல்லோரும் சேர்ந்து சுத்தம் செய்து தோட்டம் போட்டோம். ஆளுக்கொரு துளசி, கறிவேப்பிலை வைத்தோம். வெயில் படாத இடம். ஒன்றும் பிழைக்கவில்லை. அண்ணாச்சி செங்கல் துண்டுகளை அடுக்கி, இடுக்குகளில் வைத்த பெரணிகள் மட்டும் பிழைத்தன.

அதில் ஒன்றின் அடிப்பக்கம் சுண்ணாம்பு பூசியது போல இருக்கும். அதைப் பிள்ளைகளின் கையில் வைத்து அழுத்தி எடுப்பார். இலை வெள்ளையாக அப்படியே பதிந்திருக்கும். ஜூலை மாதம் எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள் எல்லார் கையிலும் அது உண்டு. ஒருநாள் என்னையும் கையை நீட்டச் சொன்னார். வெட்கப்பட்டுக்கொண்டு நான் நீட்டவில்லை.

மழை நின்றபிறகு அவை சுருளத் தொடங்கும். மே மாதம் பார்த்தால் அணைந்த பீடித் துண்டுகள் போலக் கிடக்கும். நான் ஒருமுறை அரிசி கழுவின தண்ணீரைக் கொண்டுபோய் ஊற்றப் பார்த்தேன்.

“வேண்டாம் மக்ளே. செத்தது மாதிரி தெரியும், உயிரு உள்ள கெடக்கு. மழ வந்தா அதுவா எழும்பும்.”

“மத்தவங்களுக்கு இது தெரியுமா அண்ணாச்சி?”

“கேட்டா சொல்லலாம். யாரு கேக்கா?”

ஒவ்வொரு ஜூனிலும், முதல் மழை பெய்த இரண்டு மூன்று நாளில், அந்தச் சுருள்கள் விரிவதை நான் ஜன்னலில் இருந்து பார்ப்பேன். மற்றவர்கள் அவர் புதிதாக வைத்தது என்று நினைத்துக்கொள்வார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்பு, ஏப்ரல் கடைசியில், அண்ணாச்சிக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டது. பேச்சும் குழறியது. அவர் மனைவி சகாயராணியக்கா ஆஸ்பத்திரியிலேயே இருந்தார். மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள் என்று தெரிந்ததும் மீனாட்சியக்கா பெண்களைக் கூட்டினார்.

“கவனிக்க ஆளில்லாம தோட்டமே செத்துப்போச்சு. அந்த மனுஷன் வந்து பாத்தா நெஞ்சு வெடிச்சிரும்.”

தாதரில் இருந்து ரோஜாச் செடிகள் வந்தன. மண்வெட்டி வந்தது. என்னிடம் கோணியைக் கொடுத்தார்கள்.

“அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடலாமாக்கா?” என்றேன்.

“ஆஸ்பத்திரியில கெடக்கவர்ட்ட போயி, ஒங்க செடி செத்துப்போச்சுன்னு சொல்லச் சொல்லுதியா? புத்தியப் பாரு! கோணிய நல்லா விரிச்சுப் புடிட்டீ.”

எல்லோரும் சிரித்தார்கள். சாகவில்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். கூட்டத்தில் ஒருவரை மறுத்துப் பேசிப் பழக்கமில்லை. கோணியை நன்றாக விரித்துப் பிடித்தேன். செங்கல் துண்டுகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு வேரோடு பிடுங்கின பெரணிகள் நான்கு கோணி ஆயிற்று. மறுநாள் காலை குப்பை அள்ளும் கச்சரா வண்டி எடுத்துக்கொண்டு போனது.

அண்ணாச்சியை டாக்சியில் இருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றி நேரே தோட்டத்துக்குத் தள்ளிவந்தார்கள். பெண்கள் கைதட்டினார்கள். “பாருங்க, ஒங்களுக்காவத்தான்,” என்று சொல்லி சகாயராணியக்கா சந்தோஷத்தில் அழுதார். அண்ணாச்சி இடது கையை நீட்டி ரோஜா இலை ஒன்றைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

“நல்லாருக்கு,” என்றார்.

பிறகு கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஜூனில் மழை வந்தது. அவர் நாற்காலியை ஜன்னலோரம் போடச் சொல்லித் தினமும் அந்தச் செங்கல் துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நாள் பொறுத்துவிட்டு, சகாயராணியக்கா கடைக்குப் போயிருந்த நேரத்தில் நான் போனேன்.

“தெரிஞ்சுதான் கோணியப் புடிச்சேன் அண்ணாச்சி.”

ஒவ்வொரு வார்த்தையாகக் குழறிச் சொன்னார். “அவிய... பாசத்துல செஞ்சது. யாருட்டயும் சொல்லாத, மக்ளே.”

ஒரு பெரணியாவது கிடைக்குமா என்று மாட்டுங்காவுக்குப் போய் அவர் வேலை பார்த்த சந்துகளில் தேடினேன். அண்ணாந்து பார்த்தால் எல்லா வெடிப்பும் சிமென்ட் பூசி அடைத்திருந்தது. அவர் பூசினதாகத்தான் இருக்கும். அந்த வருடம் பிள்ளைகள் கையில் வெள்ளை இலை இல்லை. செப்டம்பரில் அண்ணாச்சி இறந்துவிட்டார்.

யாரிடமும் இதுவரை நான் சொல்லவில்லை. மீனாட்சியக்கா போன வருடம் காலமானார். சகாயராணியக்கா ஊரோடு போய்விட்டார். எங்கள் கட்டடத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

தோட்டத்தின் வாசலில் கட்டடத்து சொசைட்டிக்காரர்கள் கறுப்புக் கல்லில் ஜோசப்ராஜ் கார்டன் என்று பொறித்து வைத்திருக்கிறார்கள். வெயில் இல்லாததால் ரோஜா பூப்பதில்லை. பட்டுப்போனதை எடுத்துவிட்டு வருடா வருடம் புதிதாக வாங்கி வைக்கிறார்கள். இப்போது பதினோரு செடி இருக்கிறது. அவர் வைத்தது அதில் ஒன்றும் இல்லை.