சந்தனம் வைத்த விமானம்

போன மாதம் கொழும்பிலிருந்து ஓர் இளைஞர் மாத்தளையில் இருக்கும் எங்கள் பழைய இரும்புக் கடைக்கு வந்தார். விற்பதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை. ஓய்வு கொடுக்கப்பட்ட ராணுவ விமானங்கள் கடைசியில் என்ன ஆயின என்று தேடித் திரிவதுதான் அவருடைய பொழுதுபோக்காம். அபூர்வமான ஒரு வகையில் மற்றவையெல்லாம் அவருக்குக் கிடைத்துவிட்டன. ஒன்று மட்டும் மாத்தளைக்கு வந்ததோடு சரி, அதற்குப் பிறகு தடயமே இல்லையாம். "வாலில் என்ன எண் இருந்தது?" என்று சிங்களத்தில் கேட்டார். அப்பா ஞாபகமில்லை என்று சொல்லிவிட்டுத் தராசுப் பக்கம் போய்விட்டார். எனக்கும் எண் ஞாபகமில்லை. அதன் மூக்கில் நான் வைத்த சந்தனப் பொட்டுதான் ஞாபகம் இருக்கிறது.

எனக்கு அப்போது எட்டு வயது. சண்டை முடிந்து அதிக காலம் ஆகவில்லை. ஏலத்தில் எடுத்த சாமான்களோடு சாமானாக அந்த விமானமும் லொறியில் வந்து இறங்கியது. இறக்கை இல்லை, எஞ்சின் இல்லை. ஆனால் உள்ளே ஓர் ஆசனம் இருந்தது. எனக்கு அது போதும்.

அப்பாவுக்குத்தான் பயம். தமிழன் வளவுக்குள் ராணுவ விமானம் நிற்கலாமா? ரசீதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே நடமாடினார். ஒருநாள் பொலிஸ்காரர் ஒருவர் வாசலில் இறங்கவும் அதை நீட்டிக்கொண்டு ஓடினார். வந்தவர் விமானத்தோடு நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு, பிளேன்டி குடித்துவிட்டுப் போனார்.

சித்தப்பா தம்புள்ளைக்கு மரக்கறி லொறி ஓட்டுபவர். விமானம் என்றால் பைத்தியம். "அண்ணே, இந்த மாதிரி இலங்கைக்கு வந்ததே ரெண்டு மூணுதானாம். வெட்டிப்புடாதீங்க" என்று அப்பாவை விடாமல் அரித்தார். தம்புள்ளைப் பக்கம் ஒரு ஹோட்டல்காரரையும் பிடித்துவிட்டார். வெள்ளைக்காரர்கள் பார்ப்பதற்காகத் தோட்டத்தில் நிறுத்தி வைப்பாராம். ஆயுத பூசை முடிந்ததும் வந்து ஏற்றிக்கொண்டு போவதாக ஏற்பாடு. லீவு விட்டால் என்னைக் கூட்டிப்போய் அதில் உட்கார வைப்பதாகச் சித்தப்பா வாக்குக் கொடுத்திருந்தார். வகுப்பில் பாதிப் பேரிடம் நான் அதைச் சொல்லியும் ஆயிற்று.

அம்மாதான் ஒரு நிலையில் இல்லை. விமானம் நின்ற பின்வளவில் கட்டியிருந்த கொடியை அவிழ்த்து முன்பக்கம் கட்டி உடுப்புக் காயப்போட்டார். அந்தப் பக்கம் பார்த்த குசினி ஜன்னலைச் சாத்தியவர் புகை மண்டினாலும் திறக்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எழுந்து போவார், எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் திரும்பி வருவார். இரும்புக் குப்பையைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது போல என்று நான் நினைத்தேன்.

அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே கலவரத்துக்குப் பயந்து மாத்தளையை விட்டுக் கிளிநொச்சிப் பக்கம் குடியேறியவர். சண்டையின் கடைசி மாதங்களில் அவரிடமிருந்து தகவல் நின்றுபோயிற்று. பாதை திறந்ததும் அப்பா போய் விசாரித்துவிட்டு வந்து, அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். எனக்குச் சொன்னது, "பெரியம்மா வருவாங்க" என்பதுதான். அலுமாரி மேலிருந்த அவர் படத்துக்கு யாரும் மாலை போடவில்லை. நானும் நம்பினேன்.

ஆயுத பூசையன்று தராசு, சம்மட்டி, கேஸ் கட்டர், லொறி எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தோம். பூசை வைத்த சாமானை அன்று முழுக்கத் தொடக்கூடாது என்பதில் அப்பா மகா கண்டிப்பு. ஓர் ஆணிகூட அடிக்க விடமாட்டார். விமானத்தை மட்டும் விடுவானேன் என்று அதன் மூக்கில் விபூதியைப் பட்டையாகப் பூசி, நடுவில் பெரிதாகப் பொட்டு வைத்து, செவ்வந்தி மாலையும் போட்டேன். பிறகு ஏறி ஆசனத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

அம்மா கற்பூரத் தட்டோடு ஒவ்வொன்றுக்கும் காட்டிக்கொண்டு வந்தார். விமானத்துக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். மேலிருந்து நான் கை அசைத்தேன். அவர் தட்டை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, மாலையைப் பிடுங்கி எறிந்தார். முந்தானையால் பொட்டையும் விபூதியையும் அழுத்தித் துடைத்தார். உடைந்த சைக்கிளுக்குக்கூடப் பொட்டு வைக்கிற அம்மா அவர்.

"எறங்குடி."

இறங்கினேன். அம்மா அப்பாவிடம் திரும்பினார்.

"என்னங்க, இத இன்னிக்கே வெட்டுங்க."

"இன்னிக்கு எப்படி? பூசை வச்ச சாமான். நாளைக்கு..."

"நாளைக்கு வரைக்கும் இது இங்க நிக்கக்கூடாது."

"அண்ணி, ஹோட்டல்காரரு நாளன்னிக்கு வாறாரு..." என்று தொடங்கிய சித்தப்பா, அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அப்பா கற்பூரம் அணையும்வரை நின்றார். பிறகு கேஸ் கட்டரில் இருந்த பொட்டைத் தன் கையாலேயே துடைத்துவிட்டுப் பற்றவைத்தார்.

பொழுது சாய்வதற்குள் விமானம் துண்டு துண்டாகிவிட்டது. அது எங்கெல்லாம் பறந்தது, எதைச் சுமந்தது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அம்மாவும் கேட்கவில்லை. வெட்டி முடிக்கும்வரை அங்கேயே நின்றிருந்துவிட்டு, உள்ளே போய்க் குசினி ஜன்னலைத் திறந்தார்.

எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை. அழுதுகொண்டே பின்னால் போனேன்.

"பெரியம்மா வந்தா காட்டலாம்னு இருந்தேன். அவங்க பிளேனக் கிட்டக்க பாத்திருக்கவே மாட்டாங்க."

அரிசி களைந்துகொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

"பாத்திருக்காங்க" என்றார். "ரொம்பக் கிட்டக்க."

அழுகையை நிறுத்திவிட்டு யோசித்தேன். பெரியம்மா கொடுத்து வைத்தவர் என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.