எடை குறைக்கப் பட்டினி கிடந்த ஜெனி

அஞ்சாங்கிளாஸ்தான் படித்திருக்கிறேன். எழுத்து கோணும், மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வீட்டு ஜெனி பள்ளிக்கூடக் கபடி டீமில் ஆடுகிறவள். எடை கூடினால் சேர்க்கமாட்டார்களாம். அதற்காக ரெண்டு நாளாய்ச் சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை. உச்சி வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஓட்டம். கஞ்சி கொண்டுபோனால், "பெரியம்மா, காரியத்தைக் கெடுத்துராதீங்க" என்பாள். அவள் கோச்சோ, "ஒரு மேட்சுக்குத்தானே" என்றார். எனக்கு எரிச்சலாய் வந்தது. ஆனால் ஆள் முன்னால் எனக்கு நாக்கு எழும்பாது.

மேட்ச் அன்று நாகர்கோவிலில் எடை பார்த்து இறங்கினதும் மயங்கி விழுந்தாள். தாங்கிப் பிடித்தது எதிர் டீமின் டீச்சர். கண் திறந்ததும் உப்பும் சீனியும் கலக்கிய தண்ணீரை மெதுவாய்க் குடிக்கவைத்து, "இன்னைக்கு நீ ஆடப்படாது" என்றார்.

"நீங்க ஜெயிக்கதுக்குத்தானே சொல்லுதிய?" என்று ஜெனி அழுதாள்.

"ஆமா மக்கா, நீ இல்லேன்னா நாங்கதான் ஜெயிப்போம். அதுக்காவ உன்னைச் சாவ விடவா?"

அவர்கள்தான் ஜெயித்தார்கள். வளருகிற பிள்ளைக்கு எடை கூடத்தானே செய்யும்? இதை எங்களுக்கு எதிர் டீம் வந்து சொல்லவேண்டியிருக்கிறது.

நேரத்துக்குச் சோறு, மீன், முட்டை தின்னணும், குறைக்கணுமானால் டாக்டரிடம் கேட்டு மெதுவாய்க் குறைக்கணும் என்று அந்த டீச்சர் சொன்னார். நான் எழுதினது சரிதானா என்று விவரம் தெரிந்தவர் யாராவது பாருங்கள்.